சான்றிதழ் வேறு, அனுமதி வேறு

"அரிசோனாவில் ஐந்து நாள் துப்பாக்கிப் பயிற்சி முடித்தால் அமெரிக்கா முழுக்க வைத்துக்கொள்ள லைசென்ஸ் கிடைத்துவிடும், முதல் நாளே சினிமா மாதிரி சுடலாம்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி தருவது பயிற்சி முடித்த சான்றிதழ். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதி அந்தந்த மாநிலத்தின் கையில். ஒரு மாநிலத்தின் அனுமதியை இன்னொன்று ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதைவிட முக்கியம், சுற்றுலா, எச்-1பி போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

சினிமா விஷயம். துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் 1976-ல் அரிசோனாவில் தொடங்கிய கன்சைட் பள்ளியின் அடிப்படைக் கைத்துப்பாக்கி வகுப்பில் ஐந்து நாளில் சுமார் 1,000 தோட்டா செலவாகும், உண்மைதான். ஆனால் தொடக்கமே பாதுகாப்பு விதிகள்தான்: எந்தத் துப்பாக்கியும் குண்டு நிரம்பியதாகவே கருது, அழிக்க விரும்பாத எதை நோக்கியும் குழாயைத் திருப்பாதே, குறி பார்க்கும்வரை விசையில் விரல் வைக்காதே, இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். பிறகு தோட்டா இல்லாமலேயே உறையிலிருந்து எடுப்பது, விசையை நிதானமாக அழுத்துவது என்று திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும். காதுக்கவசம், கண்ணாடி கட்டாயம். சுடும்போது வரும் ஈயத்தூள் கையில் ஒட்டியிருக்கும் என்பதால் சாப்பிடும் முன் கையை நன்றாகக் கழுவுங்கள்.