இரண்டு வருஷமா, எழுபது வருஷமா?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் பெரியம்மாவுக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை, புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்துக் கொடுப்பது, இன்னும் அவர் வேதாகமத்துக்குள்தான் இருக்கிறது. கூடவே சர்க்கரை மாத்திரை அட்டையும். எரேமியா 29:11. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ நம் வீட்டுக் காலண்டர்களுக்கு ரொம்பப் பழக்கமான வசனம். “இந்த வருஷம் உங்க கால் புண் ஆறிரும்மா, கர்த்தர் சொல்றார்” என்று பாஸ்டர் வாய்வார்த்தையாகவும் சேர்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஜூலையில் இரண்டு விரலை எடுத்தார்கள். பார்க்க வந்த அதே பாஸ்டர், “விசுவாசத்துல எங்கேயோ குறை இருக்கு” என்றார்.

அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. புண் ஆறாததற்காக இல்லை, சர்க்கரை அப்படித்தான். வலியில் கிடக்கிறவர் தலையில் குற்றத்தையும் தூக்கி வைத்தாரே, அதற்காக.

அந்த 11ஆம் வசனத்துக்கு மேலே 10ஆம் வசனம் என்று ஒன்று இருக்கிறது. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறது. கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டுபோன யூத ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். அதாவது, பெட்டியைக் கட்டாதீர்கள். அதை வாசித்துக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அங்கேயே செத்து அடக்கமாகியிருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகள்’.

முந்தின அதிகாரம் இன்னும் சுவாரசியம். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னாலும் நின்று, இரண்டே வருஷம், எல்லாம் திரும்ப வந்துவிடும் என்கிறான். எரேமியா உடனே சண்டைக்குப் போகவில்லை. “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்கிறார். அவருக்கும் அந்த ஆசை இல்லாமலா? ஆனால் ஆசை வேறு, கர்த்தர் சொன்னது வேறு. பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தும் காட்டினான். அன்றைக்கு யூடியூப் இருந்திருந்தால் யாருக்கு சப்ஸ்கிரைபர் கூடியிருக்கும் என்று சொல்லவா வேண்டும்? அந்த வருஷமே, ஏழாம் மாதத்தில், அனனியா செத்துப்போனான்.

அப்போஸ்தலன் பவுல் தன் உடன் ஊழியர்களான தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதும்போது ‘ஆரோக்கியமான உபதேசம்’ என்கிறார். கிரேக்கத்திலும் உடம்பு சுகத்தைக் குறிக்கும் சொல்தான் அது. தவறான போதனை ‘அரிபிளவையைப்போலப் படரும்’ என்கிறார். அந்த இடத்தில் கிரேக்கச் சொல் காங்கிரைனா. பெரியம்மாவின் விரல்களைப் பார்த்து டாக்டர் சொன்னதும் அதே சொல்தான், காங்கிரீன். அதே பவுல், கூட ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். யாரிடமும் விசுவாசக் குறை கண்டுபிடிக்கவில்லை.

எந்தப் பழைய திருச்சபையிலும் சேராமல் தனியாக நடத்தும் சுயாதீன சபைக்காரர்களை மட்டும் சொல்கிறேன் என்று எங்கள் ஆட்கள் சந்தோஷப்பட வேண்டாம். ஊருக்கு ஊர் உபதேசியார் இருந்த திருநெல்வேலிப் பக்கம் எங்களுடையது. பேரிலேயே உபதேசம். இன்றைக்கு சபை நிர்வாகத்துக்கான சேகரத் தேர்தல் வந்தால் இருக்கிற சுறுசுறுப்பில் பாதி, பிள்ளைகளை நற்கருணைக்குத் தயார்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் இருக்கிறதா? பிள்ளைகள் விசுவாசப் பிரமாணத்தை மூச்சு விடாமல் ஒப்பிக்கும். அர்த்தம் கேட்டால் முழிக்கும். பெரியம்மா அந்த அட்டையைத் தேடிப் போனதற்கு நாங்களும் காரணம்தான்.

‘உங்களில் அநேகர் போதகராகாதிருப்பீர்களாக’ என்று யாக்கோபு எழுதியதை எந்த வாக்குத்தத்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. போதிக்கிறவர்களுக்கு அதிக ஆக்கினை என்று காரணமும் சொல்கிறார். ஒரு வசனத்தை எடுத்தால் அதற்கு முன்னும் பின்னும் இருப்பதையும் வாசித்துக் காட்டுங்கள், ஐயாமாரே. இதற்கு வேதாகமக் கல்லூரிப் பட்டம் வேண்டியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை 10ஆம் வசனத்தைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அழுதுவிடுவாரோ என்று பயம்தான்.

“எழுபதா? எனக்கே இப்ப அறுபத்தெட்டுய்யா” என்று சிரித்தார். கொஞ்ச நேரம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “அப்ப இது என் விசுவாசத்துல உள்ள குறை இல்ல, என்ன?” என்றார்.

இல்லை என்றேன்.

“சரி, அந்த அதிகாரத்தை முதல்லேருந்து வாசி.”