இதே டாக்டர் அடுத்த மாதமும் இருப்பாரா?

அரசு மருத்துவம் பற்றிப் பேச்சு வந்தாலே நம் ஆட்கள் மூன்று கேள்வியோடு நிறுத்திக்கொள்வார்கள். கட்டடம் இருக்கிறதா, மாத்திரை இருக்கிறதா, டாக்டர் வந்தாரா. இந்த மூன்றிலும் தமிழ்நாடு மற்ற பல மாநிலங்களைவிட நல்ல நிலையில்தான் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, 1995 முதல் மருந்து வாங்கி விநியோகிப்பதற்கென்றே தனியாக ஒரு கழகம் வைத்து ஓட்டுகிற மாநிலம் இது. ஆனால் நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது, அதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. போன மாதம் பார்த்த அதே டாக்டர் இந்த மாதமும் இருக்கிறாரா? அடுத்த வருடமும் இருப்பாரா?

எந்த டாக்டர் பார்த்தால் என்ன, எல்லாரும் எம்பிபிஎஸ்தானே என்று கேட்கலாம். மூன்று நாள் காய்ச்சலுக்கு அது சரி. இருபது வருடம் கூடவே வரப்போகிற சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அது சரிப்பட்டு வராது.

இதைச் சும்மா அடித்துவிடவில்லை. நார்வே நாட்டில் 2001 முதல் ஒவ்வொருவருக்கும் பெயர் பதிந்த குடும்ப டாக்டர் ஒருவர் உண்டு. யார் எத்தனை வருடமாக எந்த டாக்டரிடம் இருக்கிறார் என்பது அரசுப் பதிவேட்டிலேயே தெரியும். அந்தப் பதிவேட்டை வைத்து, கிட்டத்தட்ட 45 லட்சம் பேரைக் கணக்கில் எடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருப்பவர்களை, வந்து ஒரு வருடமே ஆனவர்களோடு ஒப்பிட்டால், ராத்திரி அவசரத்துக்கு ஓடுவது 30 சதவீதம் குறைவு, ஆஸ்பத்திரியில் அவசரமாகப் படுப்பது 28 சதவீதம் குறைவு, அந்த வருடத்தில் இறந்துபோகும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவு. புது மாத்திரை கிடையாது, ஸ்கேன் மெஷின் கிடையாது. ஒரே ஆள், அவ்வளவுதான். இதில் சந்தேகப்படவும் இடம் உண்டு, ஒரே டாக்டரிடம் நிலைத்திருப்பவர் ஒருவேளை வாழ்க்கையிலும் நிலையானவராக இருக்கலாம், அதனாலேயே நோய் குறைவாக இருக்கலாம். வயது, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் கழித்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றாலும் அந்தச் சந்தேகம் முழுதாகப் போகாது. ஆனால் வருடம் கூடக் கூடப் பலனும் படிப்படியாகக் கூடுகிறது என்பதைப் பார்க்கும்போது, எனக்கு இது தற்செயல் என்று தோன்றவில்லை.

எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள நார்வே வரை போக வேண்டியதில்லை. என் அத்தையின் பிரஷர் நோட்டைப் பார்த்தாலே போதும். நாற்பது பக்க நோட்டு, மேலே பாலிதீன் உறை, உள்ளே ஒவ்வொரு மாதமும் ஒரு தேதி, ஒரு ரீடிங், மாத்திரைப் பெயர், கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. ஒரு டாக்டர் அம்லோடிபின் 5 எழுதினார். பிரஷர் இறங்கவில்லை என்று அடுத்து வந்தவர் அதை 10 ஆக்கினார். இரண்டு மாதத்தில் கணுக்கால் இரண்டும் வீங்கிவிட்டது. அது அந்த மாத்திரையாலேயே வரக்கூடிய வீக்கம், பாடப்புத்தகத்திலேயே இருக்கிற விஷயம். ஆனால் அதைப் பார்த்தவர் மூன்றாவது டாக்டர், அவருக்கு முன்னால் வரிசையில் எண்பது பேர், நோட்டைப் பின்னால் புரட்ட ஏது நேரம்? நீர் பிரிய ஒரு மாத்திரை சேர்த்து எழுதிவிட்டார். அதைப் போட்டுவிட்டு அத்தையால் பஸ்ஸில் ஏற முடியவில்லை, வழியில் எங்கே போய் இறங்குவது? கடைசியில் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டார். அதை நோட்டில் யாரும் எழுதவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. அத்தையும் சொல்லவில்லை. "தெரியாத பிள்ளைகிட்ட போயி நான் மாத்திரையே போடலன்னு எப்படிடா சொல்றது, திட்டாதா?" என்றார்.

இதில் எந்த டாக்டர் மீதும் தப்பு சொல்ல மாட்டேன். மூன்று பேரும் அவரவர் பார்த்த அன்றைக்குச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இந்தியாவில் ஒரு நோயாளியை டாக்டர் பார்க்கும் நேரம் சராசரியாக இரண்டு நிமிடம்தான் என்கிறது 67 நாடுகளை ஒப்பிட்டு 2017-ல் வந்த ஓர் ஆய்வு. தெரிந்த நோயாளி என்றால் இரண்டு நிமிடத்தில்கூட ஏதோ நடக்கும். தெரியாதவர் என்றால் பெயர் கேட்கவே சரியாகிவிடும்.

ஜூலியன் டூடர் ஹார்ட் என்று ஒரு டாக்டர் இருந்தார். பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில், க்ளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் 1961-ல் போய் உட்கார்ந்தவர், கால் நூற்றாண்டுக்கும் மேல் அங்கேயே இருந்தார். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் அவர் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் ஊரில் செய்த வேலை. நோய் வந்து தேடி வருகிறவர்களை மட்டும் பார்க்காமல், ஊரில் பெரியவர்கள் எல்லாருக்கும், வராதவர்களையும் விடாமல் துரத்திப் பிடித்து, பிரஷர் பார்த்தார். பார்த்ததோடு விடவில்லை, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார். 25 வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, அகால மரணம் பக்கத்து ஊரைவிட 28 சதவீதம் குறைவாக இருந்தது. பக்கத்து ஊரும் அதே சுரங்கம், அதே ஏழ்மைதான்.

இதை எல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று தள்ள முடியாது, ஏனென்றால் இதே வேலையை நாம் ஏற்கனவே செய்து காட்டியிருக்கிறோம். கர்ப்பிணிகள் விஷயத்தில். 5000 பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர், மலைப்பகுதி என்றால் 3000 பேருக்கு. அவருக்கு எந்தத் தெருவில் யார் முழுகாமல் இருக்கிறார், யாருக்கு ரத்தம் குறைவு, யார் வீட்டில் மாமியார் ஆஸ்பத்திரிக்கு விட மாட்டார் என்பதெல்லாம் அத்துப்படி. ஊசிக்கு வராத பெண்ணின் வீட்டு வாசலில் போய் நிற்பார். தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில் நடப்பதற்கு ஆம்புலன்ஸும் உதவித்தொகையும் காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அந்த நர்சம்மா இல்லாமல் இது எதுவும் நடந்திருக்காது.

அதே பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை வருகிறது. இப்போது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. வந்தால் மாத்திரை, வராவிட்டால் போகட்டும்.

டாக்டர்கள் ஏன் நிலைப்பதில்லை என்பதற்கும் காரணம் தெரிந்ததுதான். முதுநிலைப் படிப்பில் மாநிலத்தின் இடங்களில் பாதியை அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு ஒதுக்குகிறோம். நல்ல திட்டம், நான் அதை எதிர்க்கவில்லை, கிராமத்துக்கு டாக்டர் கிடைத்ததே அதனால்தான். ஆனால் அதன் பக்கவிளைவு, ஆரம்ப சுகாதார நிலையம் என்பது பெரிய ஊருக்குப் போகிற பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நிறுத்தம் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு மூன்று வருடத்தில் சீட் கிடைத்துக் கிளம்பிவிடுவார்கள். எலும்பு டாக்டர், இதய டாக்டர் என்று ஆக வழி இருக்கிறது, ஒரே ஊரில் பதினைந்து வருடம் இருந்து அந்த ஊரையே தெரிந்துவைத்திருக்கும் டாக்டராக இருப்பதற்கு என்ன மரியாதை, என்ன பதவி உயர்வு? குடும்ப மருத்துவம் என்று ஒரு முதுநிலைப் படிப்பே இருக்கிறது, நம்மூரில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

மக்களுக்கு இதன் அருமை தெரியாமல் இல்லை. இலவசமாகப் பார்க்கிற இடம் அரை கிலோமீட்டரில் இருக்க, இருநூறு ரூபாய் கொடுத்து கடைத்தெருவில் இருக்கும் பழைய டாக்டரிடம் போகிறார்களே, அவர்களைப் பார்த்து ஊசி மோகம், அறியாமை என்று சலித்துக்கொள்கிறோம். அவர் "என்னம்மா, பேரன் சவுதியிலிருந்து வந்துட்டானா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாடி பிடிக்கிறார். அந்த இருநூறு ரூபாய் பாதி அதற்குத்தான். போதாததற்கு, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஐந்து லட்சம் வரை காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறது, ஆனால் மாதாமாதம் வெளியில் வாங்குகிற மாத்திரைக்கு அது ஒரு பைசா தராது. கால் அழுகி வெட்டுகிற நிலைக்கு வந்தால் தரும்.

சரி, அரசு ஒன்றுமே செய்யவில்லையா? செய்திருக்கிறது. 2020-ல் மாநில அளவில் எடுத்த கணக்கெடுப்பில் ரத்தக் கொதிப்பு உள்ள 100 பேரில் அது கட்டுக்குள் இருந்தது வெறும் 7 பேருக்கு. அப்புறம்தான் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சுய உதவிக் குழுப் பெண்களே வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த கணக்கெடுப்பில் அந்த 7 இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. ஐநா விருதெல்லாம் வந்தது. இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்ததே, மாத்திரை வீட்டுக்கு வருவதைவிட, அதே தெருப் பெண் மாதாமாதம் வருகிறார் என்பதுதான். என் அத்தை மாத்திரையை நிறுத்திவிட்ட விஷயத்தை முதலில் அவரிடம்தான் சொன்னார்.

தெரிந்தவர் என்பதில் ஒரு தொல்லையும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். காசநோய்க்காரர் நாலு ஊர் தள்ளிப் போய் மாத்திரை வாங்குவதும், கல்யாணமாகாத பெண் உள்ளூர் நர்ஸிடம் வாயைத் திறக்காமல் இருப்பதும் சும்மா இல்லை. ஊரில் எல்லாரையும் தெரிந்தவருக்கு எல்லாருடைய சாதியும் தெரியும். அதனால் ஒரே டாக்டர் என்பதை யார் தலையிலும் கட்டக்கூடாது. நார்வேயில்கூட ஆளை மாற்றிக்கொள்ளலாம், வருடத்தில் இரண்டு முறை வரை.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரே ஊரில் பத்து வருடம் இருக்கத் தயாராக இருக்கும் டாக்டருக்கு முதுநிலை படித்தவருக்குச் சமமான சம்பளமும் பதவியும் கொடுங்கள். நகரத்து அரசு நலவாழ்வு மையங்கள் சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை திறந்திருக்கின்றன, கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை இழக்காமல் போய்வர முடிகிறது, கிராமத்திலும் வாரம் இரண்டு நாளாவது அப்படித் திறக்கட்டும். துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் இடைநிலை சுகாதாரப் பணியாளர்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள், வீடு வீடாக வரும் பெண்களுக்குச் சம்பளம்கூடக் கிடையாது, ஊக்கத்தொகைதான். நிலைத்திருக்க வேண்டியவர்களையே நிலையில்லாமல் வைத்திருக்கிறோம். பட்ஜெட் கூட்டத்தொடரில் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை வரும்போது எத்தனை கட்டடம், எத்தனை லட்சம் பயனாளி என்ற கணக்கு எப்படியும் வரும். சர்க்கரை நோயாளி ஒருவர் அந்த வருடத்தில் எத்தனை வெவ்வேறு டாக்டரைப் பார்த்தார் என்ற கணக்கையும் மாவட்டவாரியாக வைக்கச் சொல்லி யாராவது ஓர் எம்எல்ஏ கேட்கட்டும்.