பூசணிக்கூழ் ரின்

போன சனிக்கிழமை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் பகுதி மண்டபத்தில் உணவு வங்கிக்குச் சாமான் சேர்த்தோம். தைப்பொங்கல் முடிந்த கிழமை, வெளியே முழங்காலளவு பனி. பத்து மணிக்கு முன் யார் வரப்போகிறார்கள் என்றுதான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தோம். அது கொதிப்பதற்குள் வாசலில் கார் வரிசை. எங்கள் சனத்தைக் குறை சொல்வது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அன்று வாயை மூடிக்கொண்டேன். இரவு வேலை முடித்து நேரே வந்த ஒருவர், வேலைச் சப்பாத்தையும் கழற்றாமல், இருபது இறாத்தல் அரிசிப் பைகளை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து இறக்கினார். தேநீர் கொடுத்தோம். நித்திரை வருகிறது என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குத் தந்த வேலை திகதி பார்ப்பது. ரின் உணவென்றால் அட்டையிலுள்ள திகதி கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை, குழந்தைப் பால்மாவுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது என்று முதலிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். ஒரு பையில் பூசணிக்கூழ் ரின் ஒன்று அகப்பட்டது. 2019. விளிம்பெல்லாம் துரு. "அலுமாரி துப்புரவாக்க நாங்களா கிடைத்தோம்?" என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் நின்ற என் மகள், "அது எங்கள் வீட்டுப் பை, அப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு யாரையும் ஏச எனக்கு உரிமையில்லை. ஆனாலும் சொல்கிறேன். ரொறன்ரோவில் இன்று பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் உணவு வங்கியை நம்பியிருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். சம்பளத்தை வாடகை விழுங்கிவிடுகிறது. கனடாவின் முதல் உணவு வங்கி 1981இல் எட்மன்டனில் தொடங்கியபோது அதைத் தற்காலிக ஏற்பாடென்றுதான் நினைத்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. இதைச் சரிசெய்ய வேண்டியது அரசாங்கம்தான், எங்கள் அரிசி மூட்டை அல்ல. ஆனால் அதுவரைக்கும் அடுப்பு எரியவேண்டுமே.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து புறப்பட்ட சனத்துக்குள் நானும் ஒருவன். பதினொரு வயது. மழை. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் விடிந்துவிட்டது. சாவகச்சேரிப் பக்கம் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் ஏறினோம். அந்த வீட்டம்மா எங்களிடம் ஊர், பெயர் ஒன்றும் கேட்கவில்லை. புட்டும் சம்பலும் தந்தார். தங்கள் பிள்ளைகளுக்கு அவித்த புட்டு என்று பிறகுதான் தெரிந்தது. நீத்துப்பெட்டியில் மிச்சமிருந்ததை அவர்கள் நாலுபேரும் பகிர்ந்து தின்றதை நான் பார்த்தேன். பிற்பாடு நிவாரண அட்டையோடு கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையிலும் நின்றிருக்கிறேன். அந்த அரிசியில் கல் பொறுக்கியது நினைவிருக்கிறது, யார் தந்தார்கள் என்பது நினைவில்லை. அந்தப் புட்டு மட்டும் இன்னும் வாயில் நிற்கிறது.

மத்தியானம் ஓர் அக்கா கொண்டுவந்த பையைத் திறந்தேன். மைசூர்ப் பருப்பு, தேங்காய்ப்பால், ரின்மீன், தேயிலை, சிறிய போத்தலில் வறுத்த மிளகாய்த்தூள். வீட்டில் வறுத்த தூளை உணவு வங்கி ஏற்காது, கடையில் வாங்கி மூடி உடைக்காததுதான் வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போத்தலை எடுத்து என் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நல்ல தூள், நேற்றுக் கணவாய்க் கறிக்குப் போட்டோம்.

அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை மறுபடியும் சேர்க்கிறோம். பால்மா கொண்டுவருகிறவர்கள் திகதியைப் பார்த்துவிட்டு வாருங்கள். தேநீர் நான் போடுகிறேன்.