கடனுக்கு கையெழுத்து போட்டவ பேரு பத்திரத்துல ஏன் இல்ல?

கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கின வீடு புருஷன் பேர்ல மட்டும் இருக்குன்னு வைங்க. அவரு உயில் எழுதாம செத்துட்டா பொண்டாட்டிக்கு பிள்ளைங்களோட சேர்த்து ஒரு பங்கு வந்துரும். அதே மனுஷன் நல்லா இருக்கும்போது டைவர்ஸ் ஆச்சுன்னா அந்த வீட்ல அவளுக்கு தானா எந்த பங்கும் கிடையாது, ஜீவனாம்சம் கேட்டு கோர்ட்டு படி ஏறணும். விதவையானா பங்கு, விலகி வந்தா பிச்சை. இத படிச்சவங்க கூட கவனிக்கிறதில்ல.

ரெண்டு பேரும் வேலைக்கு போற வீட்ல இன்னும் மோசம். அவரு சம்பளத்துல இஎம்ஐ, இவ சம்பளத்துல மளிகை, ஸ்கூல் ஃபீஸ், மாமியார் மாத்திரைன்னு பிரிச்சுக்குவாங்க, வசதியாத்தான் இருக்கும், பதினஞ்சு வருஷம் கழிச்சு பாத்தா அவரு கட்டினது வீடா நிக்குது, இவ கட்டினதுக்கு ரசீது கூட இல்ல. இதுல லோனுக்கு கோ-அப்ளிகண்ட்னு, அதாவது சேர்ந்து கடன் வாங்கறவன்னு, பேங்க்ல அவகிட்ட கையெழுத்து வாங்கியிருப்பாங்க. அவரு கட்டலைன்னா பேங்க் இவள புடிக்கும், ஆனா பத்திரத்துல இவ பேரு இல்ல.

2023 ஜூன்ல சென்னை ஹைகோர்ட்ல நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு குடுத்தாரு. புருஷன் சவுதில சம்பாதிச்சு அனுப்ப, பொண்டாட்டி இங்க குடும்பத்த பாத்துக்கிட்டு சொத்து வாங்கின கேஸ். வீட்டு வேலையும் பங்களிப்புதான், சொத்துல அவளுக்கும் பாதி உண்டுன்னு சொன்னாரு. நல்ல தீர்ப்பு, ஆனா அத நம்பி உக்கார முடியாது, ஏன்னா சட்டப் புத்தகத்துல அப்படி ஒரு வரி இல்ல, ஒவ்வொருத்தியும் தனியா கேஸ் போட்டு வருஷக்கணக்கா அலையணும்.

கோவால நிலைமை வேற. போர்ச்சுகீசியர்களோட 1867 சிவில் கோடு, 1961ல கோவா இந்தியாவோட சேர்ந்த அப்புறமும் அங்க தொடர்ந்துச்சு. வேற மாதிரி ஒப்பந்தம் எழுதலைன்னா தம்பதிக்கு சொத்து எல்லாம் பொது, வீடு நிலம் விக்கணும்னா ரெண்டு பேரும் சம்மதிக்கணும். இன்கம் டாக்ஸ் சட்டத்துலயே அவங்களுக்கு தனி செக்‌ஷன் இருந்துச்சு, சம்பளம் தவிர மத்த வருமானத்த ரெண்டா பிரிச்சு கணக்கு காட்டணும்னு. ஆனா அதுலயும் ஒரு வில்லங்கம். எந்த முறை வேணும்னு கல்யாணத்துக்கு முன்னாடியே முடிவு பண்ணணும், அப்புறம் மாத்த முடியாது. புதுசா கல்யாணம் பண்ற வயசுல எவனுக்குங்க சொத்த பத்தி யோசனை இருக்கும்?

அதனால எனக்கு வேணுங்கறது இதுதான். கல்யாணத்துக்கு அப்புறம் சம்பாதிச்சு வாங்கினது ரெண்டு பேருக்கும் பொது. பூர்வீகம், சீதனம், அம்மா வீட்டு நகை இதெல்லாம் கணக்குல வேண்டாம். பொது வேண்டாம்னா ரெண்டு பேரும் சேர்ந்து எப்ப வேணா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எழுதி மாத்திக்கலாம்.

"அப்ப ஆம்பளைங்க கல்யாணமே பண்ண மாட்டான்"னு வர்ற கமெண்டுக்கு பதில் சொல்ற எண்ணம் இல்ல. ஆனா கடன் பத்தி கேக்கறது நியாயம். சொத்து பொதுன்னா கடனும் பொதுவா? புருஷன் பிசினஸ்ல நஷ்டமாகி வட்டிக்கு வாங்கினது பொண்டாட்டி தலைல விழுமா? விழக்கூடாது. அவ கையெழுத்து போடாத கடனுக்கு அவ பாதிய தொடக்கூடாதுன்னு சட்டத்துலயே எழுதணும், இல்லைன்னா இதுவே அவளுக்கு ஆப்பு.

டைவர்ஸ்ல மனைவிக்கு பங்கு குடுக்கற மசோதா 2013ல ராஜ்யசபால பாஸாச்சு, லோக்சபா கலைஞ்சதும் அதுவும் போச்சு. ஆனா டெல்லிய எதிர்பார்த்து உக்காரணுமா? பொண்ணுக்கு பூர்வீக சொத்துல சம பங்குன்னு தமிழ்நாடு 1989லயே திருத்தம் கொண்டு வந்துச்சு, மத்திய சட்டத்துல அது வர 2005 ஆச்சு. மகளுக்கு செஞ்சத மனைவிக்கு செய்ய என்ன தடை?

அதுவரைக்கும், வாங்கும்போதே ரெண்டு பேர் பேர்லயும் பத்திரம் போடுங்க. ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா பணம் வாங்காம பங்க எழுதிக் குடுக்கற செட்டில்மென்ட் பத்திரம் இருக்கு, குடும்பத்துக்குள்ளன்னா தமிழ்நாட்டுல ஸ்டாம்ப் ட்யூட்டி ஒரு பர்சன்ட்தான், அதுக்கும் உச்சவரம்பு உண்டு. லோன் ஓடுதுன்னா முதல்ல பேங்க்ல ஆட்சேபணை இல்லைன்னு கடிதம் (என்ஓசி) கேளுங்க. அப்புறம் அந்த வீட்டு வாடகை வருமானம் எழுதிக் குடுத்தவர் கணக்குலதான் வரி போடுவாங்க, அத ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.