பேஸ் கேக்கலையாம்… கேக்காதுவே!

நம்ம ஊரு பேண்டுக்காரங்க ரிகர்சல் முடிஞ்சா, அதைப் பதிவு பண்ணின போனைச் சுத்தி திருநெல்வேலி வண்ணார்பேட்டை டீக்கடையில நாலு தலை குனியும். ரெண்டு நிமிஷம் ஓடும். உடனே தீர்ப்பு: “என்னவே, பேஸே கேக்கல? கம்பியைத் தடவிக்கிட்டா இருந்தீரு?” பேஸ்காரரை, அதான் கீழ்ச்சத்தம் தர்ற தடிச்ச கம்பி கிட்டார் வாசிக்கிறவரை, கிட்டார்காரர் கேப்பாரு, பாடகர் தலையாட்டுவாரு. டிரம்மர் மட்டும் வாயைத் திறக்க மாட்டாரு, ரெக்கார்டிங் பூரா அவரு சிம்பல் தட்டுச் சத்தம்தானே இருக்கு.

அடுத்த ஞாயித்துக்கிழமை பேஸ்காரர் ஆம்ப்பை, அதான் சத்தத்தைப் பெருக்குற பெட்டியை, ரெண்டு புள்ளி கூட்டி வைப்பாரு. சன்னல் கண்ணாடி அதிரும். பாடகருக்குத் தன் குரல் கேக்காது, மைக்கைக் கூட்டுவாரு, அது ஊளையிடும். கிட்டார் ஏறும், டிரம்ஸ்ல அடி ஏறும். போன்ல போட்டுக் கேட்டா? பேஸ் இல்ல. மறுபடியும் அதே பேச்சு.

அண்ணாச்சிமாரே, கணக்கைப் பாருங்க. நாலு கம்பி பேஸ்ல தடிச்ச ஈ கம்பியைச் சும்மா தட்டினா 41 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 41 அதிர்வு. ஏ கம்பி 55, டி 73, ஜி 98. உங்க கையில இருக்கிற போன் ஸ்பீக்கருக்கு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ மூச்சே வராது. அதுல பேஸ்னு நீங்க கேக்கிறது கம்பியோட மேல்சுரங்களை, அதாவது அந்த அதிர்வோட ரெண்டு மடங்கு, மூணு மடங்குல கூடவே எழும்புற சுரங்களை மட்டுந்தான். கொடைக்குக் கட்டுற குழாய் ஸ்பீக்கர்ல வில்லுப்பாட்டுக் குடத்தோட ‘தும்’ வெறும் ‘டக்’னுதான் விழும். அதுக்குக் குடம் அடிக்கிறவரையா திட்டுதோம்? முதல்ல ஒரு நல்ல ஹெட்போனை மாட்டிக் கேட்டுட்டு அப்புறம் பேசுங்க.

பதிவாகும்போதே பாதி போயிருதுங்கிறது அடுத்த கொடுமை. போன்ல இருக்கிற ரெக்கார்டர் ஆப் மனுசப் பேச்சுக்குன்னு செஞ்சது. தொடர்ந்து வர்ற கீழ்ச்சத்தம் எல்லாம் அதுக்குக் காத்தும் ஃபேனும்தான், வழிச்சு எறிஞ்சிரும். ஸ்னேர் டிரம்ல ஒரு அடி விழுந்ததும், சத்தத்தைத் தானாச் சரிபண்ற ஆட்டோ கெயின் மொத்தச் சத்தத்தையும் அமுக்கி, மெதுவா மேல விடும். அந்த இடைவெளியிலதான் பேஸ் முங்கி முங்கி எழும்புது. செட்டிங்ஸ்ல நாய்ஸ் ரிடக்‌ஷன், ஆட்டோ லெவல் ரெண்டையும் அணைக்கலாம். அணைக்க முடியாத ஆப்பா இருந்தா ஆப்பை மாத்துங்க. அப்புறம் அந்தப் பதிவை ஸ்பீக்கர்ல போட்டு, அதுக்கு முன்னால இன்னொரு போனை நீட்டி வாட்ஸாப்புல வாய்ஸ் நோட்டா அனுப்புறவங்களை என்ன செய்ய? டாக்குமென்ட்டா அனுப்புங்கய்யா, இருக்கிறதாவது இருக்கும்.

இதை விட முக்கியம், போனை எங்க வைக்கோம்ங்கிறது. பெருமாள்புரமோ பாளையங்கோட்டையோ, மாடியில பத்துக்குப் பன்னெண்டு அடி கான்கிரீட் ரூம். நட்ட நடுவுல பிளாஸ்டிக் சேர், அது மேல போன். நடுவுல வெச்சா எல்லாரும் சமமா கேக்கும்னு ஒரு நியாயம் வேற. பேஸுக்கு அதை விட மோசமான இடம் அந்த ரூம்லயே கிடையாது. பத்தடி தள்ளி எதிரெதிரா நிக்கிற ரெண்டு சுவருக்கு இடையில சத்தம் மோதித் திரும்பி 57 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு அலை நிக்கும், பன்னெண்டடிக்கு இடையில 48 பக்கத்துல இன்னொண்ணு. முதல் அலை ஏ கம்பியை (55) ஒட்டி விழுது, ரெண்டாவது ஈ கம்பியில மூணாம் கட்டையை (ஃப்ரெட்) அமுக்கினா வர்ற ஜியை (49) ஒட்டி விழுது. ரெண்டும் சுவரோரத்துல குமுறும், ரூம் நடுவுல செத்துக் கிடக்கும். நம்பாதவங்க ஏ கம்பியைத் தட்டச் சொல்லிட்டு மூலையிலேருந்து நடு ரூம் வரைக்கும் நடந்து பாருங்க. நெல்லையப்பர் கோயில் இசைத் தூணைத் தட்டிப் பாக்க ஆசைப்படுற ஊருல, சொந்த ரூம் எந்தச் சுரத்துக்குப் பேசும்னு ஒருத்தரும் தட்டிப் பாக்கல.

சுவர் பூரா முட்டை அட்டை ஒட்டுறதையும் நிறுத்துங்க. அது மேல்சத்தத்தைக் கொஞ்சம் மழுங்கடிக்கும், அவ்வளவுதான். 41 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் எட்டு மீட்டருக்கு மேல. அதுக்கு முட்டை அட்டை எந்த மூலைக்கு? ஆம்ப்பை மூலையிலேருந்து ரெண்டடி வெளிய இழுங்க, போனைச் சுவர்ப்பக்கமா நகத்துங்க. காசு செலவே இல்ல.

உருப்படியா வேணும்னா ஒயர்ல எடுக்கணும். பேஸ்லேருந்து டிஐ பாக்ஸ் (பேஸ் சிக்னலை ரெக்கார்டிங்குக்குத் தோதா மாத்துற சின்னப் பெட்டி), அதோட ‘த்ரூ’ ஓட்டை வழியா ஆம்ப், எக்ஸ்எல்ஆர் ஒயர் வழியா லேப்டாப்புக்குச் சத்தத்தை ஏத்துற இன்டர்ஃபேஸ். ரெண்டு சானல் இன்டர்ஃபேஸ் போதும்: ஒண்ணுல பேஸ், இன்னொண்ணுல ரூம் மைக். டிஐ இல்லாம பாஸிவ் பேஸை (உள்ள பேட்டரி இல்லாதது) மிக்சரோட லைன் இன்புட்ல சொருகிட்டு ‘டோன் கட்டையா இருக்கு’ன்னு பொலம்பாதீங்க. கம்பி அதிர்வைப் பிடிக்கிற பேஸ் பிக்கப்புக்கு ஒரு மெகாஓம், அதாவது பத்து லட்சம் ஓம் மாதிரி தடை உள்ள இன்புட் வேணும். லைன் இன்புட் பத்தாயிரம் ஓம் பக்கந்தான் இருக்கும், மேல்சுரம் எல்லாம் அங்கயே செத்துரும். ரெக்கார்டிங் செட்டிங் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாம கெயினை வைங்க. ரெண்டு சானலும் சேந்து மணிக்கு ஒரு ஜிபி ஆகும், அது ஒரு பாரமா?

ஒயர்ல எடுத்ததும் ‘ரெண்டையும் சேத்தா பேஸ் இன்னும் குறையுது’ன்னு ஒரு புகார் வரும். குறையத்தான் செய்யும். ஒயர்ல சத்தம் உடனே வந்துரும். மூணு மீட்டர் தள்ளி இருக்கிற மைக்குக்கு ஏறக்குறைய 9 மில்லி செகண்ட் கழிச்சுத்தான் போய்ச் சேரும். 55 ஹெர்ட்ஸோட அரைச் சுத்தும் சரியா 9 மில்லி செகண்ட். இங்க மேல போகும்போது அங்க கீழ போகுது, ஏ கம்பி தன்னைத் தானே தின்னுருது. பாட்டு தொடங்குறதுக்கு முன்னால கம்பியை உள்ளங்கையால அமுக்கி, ஆம்ப் வழியா ‘டக்’னு ஒரு தட்டு. கை தட்டிப் பிரயோசனமில்ல, டிஐயில கைதட்டு விழாது. அந்த ‘டக்’ ரெண்டு டிராக்லயும் ஒரே இடத்துக்கு வர்ற மாதிரி ரூம் டிராக்கை முன்னால நகத்தணும். ரூமைப் போன்லயும் பேஸை லேப்டாப்லயும் எடுத்தா ரெண்டு கடிகாரமும் போகப் போக விலகும். அதனால பாட்டுக்கொரு ஃபைல், பாட்டுக்கொரு தட்டு.

இனி கரன்ட். எர்த் இல்லாத போர்டுல ஆம்ப்பை மாட்டினா 50 ஹெர்ட்ஸ் ஹம் வரும். அது 49 ஹெர்ட்ஸ் ஜியோட சேந்து அலையடிக்கும், பேஸ் சுருதி ஆடுதுன்னு பழி வரும். எர்த் இருந்தும் ரெண்டு போர்டுலேருந்து லூப் ஆகி ஹம் வந்தா, டிஐயில இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்க. அதை விட்டுட்டுப் பிளக்கோட எர்த் பின்னைப் பிடுங்குற மேதாவிகளுக்குச் சொல்லுதேன்: வேர்த்த கை கம்பியில இருக்கும், உதடு மைக்ல படும். நடுவுல இருக்கிறது உங்க நெஞ்சு. விளையாட்டு இல்ல.

ஆக்டிவ் பேஸ் (உள்ள பேட்டரி போட்டது) வெச்சிருக்கிறவங்க மேலயும் ஒரு கோவம். ஜாக்கைச் சொருகினபடியே விட்டுட்டுப் போனா 9 வோல்ட் பேட்டரி ராத்திரியெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும். மறுநாள் கரகரன்னா ஆம்ப்பைத் தட்டாதீங்க. கம்பியும் அப்படித்தான். நம்ம ஊரு வேர்வைக்கு வாசிச்சு முடிச்சதும் துடைக்கலைன்னா சீக்கிரமே மேல்சுரம் செத்துரும். போன்ல கேக்கிறதே அந்த மேல்சுரம்தானே!

கீழ், நடு, மேல் சத்தத்தைத் தனித்தனியா கூட்டிக் குறைக்கிற ஈக்யூவுல ரெண்டு ஓரத்தையும் ஏத்தி நடுவைக் குழியாக்குறதும் தற்கொலைதான். பேஸ் கூட்டத்துல தெரியுறது 700 ஹெர்ட்ஸ்லேருந்து ஆயிரம் வரைக்கும். அதை வெட்டிட்டு வால்யூமைக் கூட்டிப் பலன் இல்ல. கிட்டாரோட தாழ்ந்த கம்பியே 82 ஹெர்ட்ஸ், அதுக்குக் கீழ கிட்டார் ஆம்ப்புக்கு என்ன வேலை? கீபோர்டுக்காரர் சர்ச் பழக்கத்துல இடது கையால பேஸ் இருக்கிற கீழ்ச்சுரத்துலயே ஆக்டேவ் அமுக்கிக்கிட்டே இருப்பாரு. அந்தக் கையைப் பாக்கெட்டுக்குள்ள வைக்கச் சொல்லுங்க.

ஒரே ஒரு விதிவிலக்கு தாரேன். 1988-ல வந்த மெட்டாலிகாங்கிற அமெரிக்க மெட்டல் பேண்டோட ஆல்பத்துல ஜேசன் நியூஸ்டட் வாசிச்ச பேஸ் மிக்ஸிங்ல அமுங்கிப் போனது உலகத்துக்கே தெரியும். அந்தப் பாட்டுகளைத்தான் அசல் மாதிரி வாசிக்கப் போறீங்கன்னா, போன் அந்த சேர் மேலயே இருக்கட்டும்.