இழுப்பறையின் அடிப்பக்கம்

மரச் சாமான் எதையாவது யாராவது பெருமையாகக் காட்டினால் என் கை முதலில் இழுப்பறைக்குத்தான் போகும். முழுசாக உருவி, கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். சாமானுக்குச் சொந்தக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும். மேல் பலகையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நல்ல பாலிஷ் போட்டால் விறகுக்கட்டையும் மினுங்கும். அடியிலும் மூலையிலும்தான் செய்தவரின் கை தெரியும்.

தச்சர் வேலையில் கலை என்று பேச்சு வந்தால் எல்லோரும் நேராகச் செதுக்கலுக்குப் போய்விடுகிறோம். பூ, கொடி, மயில், சிங்கத் தலை. செதுக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பூகூட இல்லாத அலமாரிக் கதவு ஐம்பது வருஷமாகக் கோணாமல், உரசாமல் மூடுகிறது என்றால், அதைச் செய்தவருக்கு நாம் என்ன பெயர் கொடுக்கிறோம்? மர வேலைக்காரர். செதுக்கியவர் மட்டும் கலைஞர். இந்தக் கணக்கு எனக்கு ஒப்பவே இல்லை.

பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன் ஆசைப்பட்டு நானே ஒரு மேசை செய்தேன். அகலமான பலகைகளைப் பசை போட்டு ஒட்டி, அடியில் குறுக்குச் சட்டம் கொடுத்து, அதற்கும் பசை, போதாதென்று நாலு அங்குலத்துக்கு ஒரு திருகாணி. யானை ஏறினாலும் அசையாது என்று நினைத்தேன். நிஜமாகவே அசையவில்லை, அதுதான் பிரச்சினை. காற்று நன்றாக வறண்டிருந்த ஒரு ராத்திரி 'டப்' என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் ஒரு முனையிலிருந்து பாதி மேசை வரை விரிசல்.

மட்டமான மரத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே, தெரிந்த ஒரு வயதான தச்சரிடம் காட்டினேன். அவர் விரிசலைப் பார்க்கவே இல்லை. குனிந்து அடியைப் பார்த்தார். "கட்டை மேல தப்பில்ல தம்பி. அது ஒடுங்கப் பாத்திருக்கு, நீங்க விடல" என்றார். குறுக்குச் சட்டத்தில் திருகாணிக்கான துளையை வட்டமாகப் போடாமல் கொஞ்சம் நீளவாக்கில் போட்டிருந்தால், பலகை சுருங்கும்போது திருகாணியும் கூடவே நகர்ந்து கொடுத்திருக்குமாம். பசையே தேவையில்லையாம். அவ்வளவு சின்ன விஷயம்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். பச்சை மரம் காய்ந்து முடிக்கும்போது நீளவாக்கில் ஏறக்குறைய 0.1 சதவீதம்தான் சுருங்குகிறது. அடிமரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 4 சதவீதம். வருட வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 8 சதவீதம். மரத்துக்கு மரம் இந்தக் கணக்கு மாறும். ஆனால் ஒரே பலகை மூன்று திசையில் மூன்று விதமாகச் சுருங்குகிறது என்பது மட்டும் எல்லா மரத்துக்கும் பொது. பலகை கிண்ணம் மாதிரி வளைவதும் இதனால்தான்: காயும்போது வளையங்கள் நிமிரப் பார்க்கும், ஓரங்கள் பட்டைப் பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். காய்ந்த பிறகும் ஆட்டம் நிற்பதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், இறங்கினால் ஒடுங்கும். அகலமான மேசைப் பலகை ஒன்று ஒரே வருஷத்தில் பல மில்லிமீட்டர் போய் வரும். மரத்தை வெட்டி நூறு வருஷமானாலும் இந்தப் பழக்கம் அதை விட்டுப் போகாது.

இந்தத் தகவலோடு பழைய கதவு ஒன்றைப் பாருங்கள். சுற்றிலும் நாலு சட்டம், நடுவில் பலகை. சட்டத்தின் முனையில் நாக்கு மாதிரி விட்டிருப்பது கழுந்து. அது போய் உட்கார அடுத்த சட்டத்தில் வெட்டியிருப்பது துளை. அங்கே இறுக்கம் வேண்டும், பசையும் போடலாம். நடுப் பலகை மட்டும் சட்டத்தின் உள்விளிம்பில் நீளமாக வெட்டிய பள்ளத்துக்குள், அதாவது காடிக்குள், சும்மா நிற்கும். பசை இல்லை, ஆணி இல்லை, இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் இடம் விட்டிருக்கும். பலகை எவ்வளவு வேண்டுமானாலும் உப்பி ஒடுங்கிக்கொள்ளட்டும், வெளிச் சட்டத்தின் அளவு மாறாது, ஏனென்றால் சட்டத்தின் நீளம் மாறுவதில்லையே! இதை முதலில் யோசித்த ஆள் யாரோ, பேர் தெரியாது. எனக்கு எந்தச் செதுக்கலைவிடவும் அந்தக் காலி இடம் பெரிய விஷயமாகத் தெரிகிறது. (கதவைத் தட்டிப் பார்த்து 'பலகை ஆடுது, பசை வையுங்க' என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அதில் ஒருத்தன்.)

அந்தப் பெரியவரின் பட்டறையில் அப்புறம் பல சாயங்காலம் போய் உட்கார்ந்திருக்கிறேன். அவர் ஒரு பலகையை இழைக்கும் முன் அதன் பக்கவாட்டைப் பார்ப்பார், நார் எந்தப் பக்கம் ஏறிப் போகிறது என்று. பிறகு உள்ளங்கையால் ஒரு தடவு. செதில் ஓட்டத்துக்கு எதிராக மீனைத் தடவினால் கை தடுக்குமே, அந்த மாதிரி தடுத்தால் பலகையைத் திருப்பிப் போட்டுவிடுவார். இழைப்புளி சரியான திசையில் போனால் ஒரே சீராக 'ஸ்ஸ்' என்று வரும், சீவல் சுருண்டு விழும். கணு பக்கத்தில் வரும்போது சத்தம் கரகரவென்று மாறும். அவர் தலையைத் திருப்பி என்னோடு பேசிக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தத்துக்குக் கை தானாக நிற்கும்.

ஒரு நாள் இழுப்பறையின் மூலைகளுக்குப் 'புறா வால்' பொருத்து வெட்டிக்கொண்டிருந்தார். விரித்த வால் மாதிரி, முனையில் அகலம், அடியில் குறுகல். முன்பலகையைத் தினமும் எத்தனை தடவை இழுத்தாலும் பக்கப் பலகை கழன்று வராது, அந்த வடிவமே விடாது. பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்த என்னைத் தடுத்துக் கையில் கத்தியைக் கொடுத்தார். பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு, எந்த ஓரத்தில் வெட்டுவது என்று சந்தேகம் வரும். கத்திக் கீறலுக்குத் தடிமனே இல்லை; உளியின் முனை அதில் போய்த் தானாக உட்கார்ந்துகொள்ளும். "கோட்டைத் தின்னாம வெட்டு" என்பார். நான் தின்றுகொண்டேதான் இருந்தேன்.

ஜெர்மனியில் மண்ணுக்குள் புதைந்திருந்த புதிய கற்காலக் கிணறுகளைப் பற்றி 2012இல் ஒரு ஆய்வு வெளியானது. கிணற்றின் உள்சுவர் முழுக்க ஓக் மரம். வெட்டிய காலம் கி.மு. 5469 முதல் 5098க்குள். அதிலேயே துளையும் கழுந்தும் ஆப்பும் இருக்கின்றன. இரும்பு கிடையாது, கல் கோடாலிதான். உலோகமே கைக்கு வராத காலத்தில் மனிதர்களுக்குப் பொருத்து வந்துவிட்டது என்றால், கையைவிட முதலில் வேலை செய்தது தலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானில் ஹோர்யூஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரம் இன்னொரு சாட்சி. 32 மீட்டர் உயரம், 1300 வருஷமாக நிற்கிறது. அதன் நடுத்தூணுக்கான மரம் வெட்டப்பட்டது கி.பி. 594 என்று வருட வளையங்களின் அகலத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் கோயிலின் தச்சர் பரம்பரையில் வந்த நிஷியோகா சுனேகாசு (1908–1995), தன் முன்னோர் வாய்வழியாகச் சொல்லிக்கொடுத்ததைப் பதிவு செய்திருக்கிறார்: மரத்தை வாங்காதே, மலையை வாங்கு. ஒரே மலையில் தெற்குச் சரிவில் வளர்ந்த மரத்தைக் கட்டடத்தின் தெற்கில் நிறுத்து. மரம் எப்படி நின்றது, எந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டது என்று பார்த்து, எதிரெதிர் முறுக்கை ஜோடி சேர்த்தால் ஒன்றின் பிடிவாதத்தை இன்னொன்று அடக்கிவிடும். கோணல் மரத்தை ஒதுக்காமல் அதன் கோணலையே வேலைக்கு வைத்துக்கொள்ளும் இந்தப் புத்தியைக் கலை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்ல?

சரி, இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. கம்ப்யூட்டர் வெட்டும் கழுந்து என் கழுந்தைவிட நூறு மடங்கு சுத்தம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை இந்த அளவுக்கு உப்பி ஒடுங்காது, அதற்கு இத்தனை யோசனையும் தேவையில்லை, பல இடத்துக்கு அதுவே போதும். ஆனால் முழு மரம் என்று வந்துவிட்டால் எந்தப் பலகை எங்கே, எந்த முகம் வெளியே, எந்தக் கணுவைத் தவிர்ப்பது என்று யாராவது கையில் எடுத்துப் பார்த்துத்தான் ஆகவேண்டும். கூலி பேசும்போது நாம் அடி கணக்கு மட்டும் பேசுகிறோம். பலகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த அந்த அரை மணி நேரம் எந்த ரசீதிலும் ஏறுவதில்லை.

அந்த இழுப்பறைப் பெட்டி முடிந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் இழுப்பறையை அவர் விரலால் மெதுவாக உள்ளே தள்ளினார். கீழ் இழுப்பறை தானாக அரை அங்குலம் வெளியே வந்தது. உள்ளே அடைபட்ட காற்று போக வேறு வழியில்லாமல் அதைத் தள்ளியிருக்கிறது. பொருத்து அவ்வளவு நெருக்கம். நான் திரும்பத் திரும்ப ஏழெட்டுத் தடவை தள்ளிப் பார்த்தேன். அவர் அதற்குள் அடுத்த பலகையை எடுத்துப் பக்கவாட்டில் நார் ஓட்டம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.