பெரியப்பாவின் சீன மருந்துப் பொட்டலம்

பெரியப்பாவுக்கு சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் அடைத்து மூச்சு வாங்கவைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். 35 வருட பீடி. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுவார். சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் சீன மூலிகைப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "சீனாக்காரன் 2000 வருசமா குடிக்கிறதுடா, பக்கவிளைவே கிடையாது. இன்ஹேலரை விட்டுடலாம்னு பார்க்கிறேன்" என்றார் போனில். வேண்டாம் பெரியப்பா என்றேன். ஏன் என்பதை அவசரத்தில் சரியாகச் சொல்ல வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சீன வைத்தியத்தை மட்டம்தட்ட எனக்கு மனமில்லை. மா ஹுவாங் என்ற செடியை மூச்சிரைப்புக்குக் காய்ச்சிக் கொடுப்பது ஏறத்தாழ 2000 வருடத்துக்கு முந்தைய ஹான் வம்சக் காலத்திலேயே அங்கே வழக்கம். 1885ல் ஜப்பானைச் சேர்ந்த நாகாய் நாகயோஷி அதிலிருந்து எபெட்ரின் என்ற மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1920களில் கே.கே. சென், கார்ல் ஷ்மிட் இருவரும் பெய்ஜிங்கில் அதை ஆராய்ந்து எழுதிய பிறகு, உலகம் முழுக்க ஆஸ்துமாவுக்குக் கொடுத்தார்கள். மூச்சுக்குழாய் விரியும், உண்மைதான். கூடவே ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் ஏறும். அந்தச் செடி கலந்த சத்து மாத்திரைகளை அமெரிக்கா 2004ல் தடை செய்தது அதனால்தான். பெரியப்பாவுக்கு ஏற்கெனவே பிரஷர் வேறு.

என்னை நிஜமாகவே பயமுறுத்துவது இன்னொரு மருந்து. மா தோ லிங் என்று ஒரு காய். குதிரைக் கழுத்து மணி மாதிரி தொங்குவதால் அந்தப் பெயர். இருமலுக்கும் இளைப்புக்கும் நூற்றாண்டுக் கணக்கில் கொடுத்து வந்தது. அதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தைச் சுருங்க வைக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயைக் கொண்டுவரும். இது உலகத்துக்குத் தெரிய வந்தது 1990களின் தொடக்கத்தில், பிரஸ்ஸல்ஸில். உடல் இளைக்கக் கொடுத்த மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக இந்த இனத்துச் செடி மாறி வந்துவிட, ஏறத்தாழ 100 பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. சீன அரசின் மருந்து நூலிலிருந்து மா தோ லிங் நீங்கியது 2020 பதிப்பில்தான்.

அத்தனை தலைமுறை வைத்தியர்கள் எப்படிக் கவனிக்காமல் விட்டார்கள்? அவர்கள் முட்டாள்கள் இல்லை. கஷாயம் குடித்த ராத்திரியே இருமல் அடங்கினால் யார் கண்ணுக்கும் தெரியும். பல வருடம் கழித்துச் சிறுநீரகம் நின்றுபோனால், பழைய இருமல் மருந்து யாருக்கு ஞாபகம் வரும்? அனுபவம் உடனே நடப்பதை நன்றாகப் பார்க்கும். தாமதமாக வருவதை அதனால் பார்க்க முடியாது. பீடியும் அப்படித்தானே பெரியப்பாவை ஏமாற்றியது?

நம்மூர்க்காரர்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் மா தோ லிங்கின் இனத்துச் செடிகள்தான்.

அப்புறம், பொட்டலத்தில் எழுதாதது ஒன்றும் உள்ளே இருக்கலாம். மூலிகை என்று விற்கும் பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையமே பலமுறை எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட சில நாளில் மூச்சு லேசாகும், பசி எடுக்கும், "மூலிகை வேலை செய்யுது" என்று தோன்றும். பிறகு முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து.

சீனாவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டே ஆக வேண்டுமென்றால் நான் தாய்சி என்ற உடற்பயிற்சியைச் சொல்வேன். அங்கே 120 சி.ஓ.பி.டி நோயாளிகளிடம் 12 வாரம் நடத்தி 2018ல் வெளியான ஆய்வில், தாய்சி செய்தவர்கள் வழக்கமான நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. மெதுவாகக் கையசைத்து, மெதுவாக மூச்சு விடுவது. வீட்டு முற்றமே போதும்.

நேற்று திரும்பவும் பேசினேன். பொட்டலத்தைப் பிரிக்காமல் அடுத்த செக்கப்புக்கு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுகிறேன் என்றார். இன்ஹேலரை விடவில்லையே என்று கேட்டேன். "காலையில ரெண்டு இழுப்பு இழுத்தேன்டா" என்றார்.